மருந்தளவுக் கணக்கு: சூத்திரம் மனப்பாடம், விடை மட்டும் தவறு. எங்கே பிழைக்கிறேன்?

இரண்டாமாண்டு மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நேற்று மருந்தளவுக் கணக்குத் தேர்வின் விடைத்தாள் கைக்கு வந்தது. வாய்வழி மருந்துகளில் மட்டும் பத்துக் கணக்கு, அவற்றில் ஆறு தவறு. ‘வேண்டியதை இருப்பதால் வகுத்து, அளவால் பெருக்கு’ என்ற சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் விடை தவறிப்போகிறது. ஆறில் மூன்றை இங்கே தருகிறேன்.

1. லெவோதைராக்ஸின் 0.075 மி.கி. கொடுக்க வேண்டும். கையிருப்பு 25 மைக்ரோகிராம் மாத்திரை. எத்தனை மாத்திரை? நான் எழுதியது 0.003.

2. மருந்து 300 மி.கி. கொடுக்க வேண்டும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. இருக்கிறது. எத்தனை மி.லி.? நான் எழுதியது 2.4.

3. குழந்தையின் எடை 18 கிலோ. அமாக்ஸிசிலின் ஒரு நாளைக்கு, கிலோவுக்கு 40 மி.கி. வீதம், மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பாட்டிலில் 5 மி.லி.க்கு 250 மி.கி. ஒரு வேளைக்கு எத்தனை மி.லி.? நான் எழுதியது 14.4.

அடுத்த வாரம் குழந்தைகள் வார்டில் பயிற்சி தொடங்குகிறது. தாளில் தவறினால் மதிப்பெண் போகும், அங்கே தவறினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. யாராவது வழிகாட்டுங்கள்.


இரவுப்பணி எழுதியது:

அந்த நடுக்கம் நல்லதுதான் தங்கையே, அதை முழுவதும் இழந்துவிடாதீர்கள். நான் பதினான்கு ஆண்டுகளாக வார்டில் இருக்கிறேன், எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

உங்கள் முதல் விடையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 0.003 மாத்திரை. அதைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். ஒரு மாத்திரையை ஆயிரம் தூளாக உடைத்து, அதில் மூன்று தூளை எடுத்து நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு மருந்தை யாரும் கொடுத்ததில்லை. இந்த விடையை எழுதிய அந்த நொடியிலேயே பேனா நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, ஏனென்றால் நீங்கள் எண்ணைப் பார்த்தீர்கள், மாத்திரையைப் பார்க்கவில்லை.

பிழை இருக்கும் இடம் எளிது. உத்தரவு மில்லிகிராமில் இருக்கிறது, மாத்திரை மைக்ரோகிராமில் இருக்கிறது. வகுப்பதற்கு முன் இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும். 1 மி.கி. என்பது 1000 மைக்ரோகிராம். 0.075 மி.கி. என்றால் 75 மைக்ரோகிராம். எழுபத்தைந்தில் எத்தனை இருபத்தைந்து? மூன்று. சூத்திரமே தேவைப்படவில்லை.

என் வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். அலகு மாற்றும்போது எப்போதும் சிறிய அலகுக்கே மாற்றுவேன். கிராமும் மில்லிகிராமும் வந்தால் மில்லிகிராமுக்கு, மில்லிகிராமும் மைக்ரோகிராமும் வந்தால் மைக்ரோகிராமுக்கு. அப்போது தசமப் புள்ளி பெரும்பாலும் மறைந்துவிடும். புள்ளி இல்லாத எண்ணில் கை தடுமாறாது.


ஓரலகு எழுதியது:

எனக்கு அந்தச் சூத்திரத்தின் மீதே மனத்தாங்கல் உண்டு. மாணவர்களுக்கு அது கணக்கைப் புரியவைப்பதில்லை, மூன்று எண்களை மூன்று கட்டங்களில் போடக் கற்றுக்கொடுக்கிறது. கட்டம் ஒன்று விடுபட்டால் விடை போய்விடும். இரண்டாவது கணக்கில் நடந்தது அதுதான். 300ஐ 125ஆல் வகுத்து 2.4 என்று நிறுத்திவிட்டீர்கள். ஐந்தால் பெருக்க மறந்துவிட்டீர்கள். அந்த 2.4 என்பது மி.லி. இல்லை, எத்தனை ஐந்து மி.லி. என்பது.

பள்ளியில் படித்த ஓரலகு முறையில் போட்டுப் பாருங்கள். 5 மி.லி.யில் 125 மி.கி. என்றால் 1 மி.லி.யில் 25 மி.கி. நமக்கு வேண்டியது 300 மி.கி. முந்நூறில் எத்தனை இருபத்தைந்து? பன்னிரண்டு. ஆகவே 12 மி.லி. ஒவ்வொரு படியிலும் நீங்கள் சொல்வது ஒரு பொருளுள்ள வாக்கியம். மறப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.


பயிற்றுநர் எழுதியது:

ஓரலகு சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் சூத்திரத்தின் மீது முழுப் பழியையும் போட எனக்கு மனமில்லை. எண்களை மட்டும் எழுதி அலகுகளை விட்டுவிடுவதுதான் கேடு. 5 மி.லி.க்கு 250 மி.கி. போன்ற எளிய எண்கள் வரும்வரை ஓரலகு முறை இனிக்கும். 5 மி.லி.க்கு 120 மி.கி. என்று வந்தால் ஒரு மி.லி.க்கு 24. அதுவும் பரவாயில்லை. எடை, நாள், வேளை எல்லாம் ஒன்றாகச் சேரும்போது படிகள் பெருகி, நடுவில் ஒன்று நழுவும்.

நான் வகுப்பில் வலியுறுத்துவது அலகை எண்ணோடு ஒட்டியே எழுத வேண்டும் என்பதைத்தான். மேலே ஒரு மி.கி., கீழே ஒரு மி.கி. இருந்தால் இரண்டையும் அடித்துவிடலாம். கடைசியில் எஞ்சி நிற்கும் அலகு கேள்வி கேட்ட அலகாக இருக்க வேண்டும். கேள்வி மி.லி. கேட்டு, உங்கள் தாளில் கடைசியில் ‘மைக்ரோகிராமுக்கு மில்லிகிராம்’ என்று ஏதோ எஞ்சினால், எங்கோ மாற்ற மறந்திருக்கிறீர்கள் என்று தாளே சொல்லிவிடும். உங்கள் முதல் கணக்கில் அலகுகளை எழுதியிருந்தால் 0.003 வரை போயிருக்கவே முடியாது.

மூன்றாவது கணக்கை இப்படிப் படிப்படியாக எழுதிப் பார்ப்போம். 18 கிலோ, கிலோவுக்கு 40 மி.கி. பெருக்கினால் ஒரு நாளைக்கு 720 மி.கி. இந்த ‘ஒரு நாளைக்கு’ என்ற சொல்லை எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள். மூன்று வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 240 மி.கி. இப்போது பாட்டிலுக்கு வாருங்கள். 250 மி.கி. என்றால் 5 மி.லி. நமக்கு வேண்டியது அதைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே விடையும் ஐந்தைவிடச் சற்றுக் குறைவாக வர வேண்டும். 240ஐ 250ஆல் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 4.8 மி.லி.

நீங்கள் எழுதிய 14.4 மி.லி. ஒரு நாளின் முழு அளவு. அதை ஒரு வேளை என்று எடுத்து மூன்று வேளையும் கொடுத்தால் குழந்தைக்குப் போவது மூன்று மடங்கு. குழந்தைகள் வார்டில் நான் அதிகம் அஞ்சுவது இந்தப் பிழைக்குத்தான். அமாக்ஸிசிலின் போன்ற மருந்துகளுக்கு நூல்கள் பெரும்பாலும் நாள் அளவைச் சொல்கின்றன. பாராசிட்டமாலுக்கு வேளை அளவைச் சொல்கின்றன, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்று. இரண்டையும் ஒரே நாளில் ஒரே குழந்தைக்குக் கணக்கிடும் மாணவி எந்த இடத்தில் வகுக்க வேண்டும், எந்த இடத்தில் வகுக்கக் கூடாது என்று குழம்புவதில் வியப்பில்லை. அதனால்தான் கேள்வித்தாளில் ‘ஒரு நாளைக்கு’, ‘ஒரு வேளைக்கு’ என்ற சொற்களுக்கு அடியில் கோடு போட்டுவிட்டுத் தொடங்குங்கள் என்கிறேன்.


தாதி99 எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? எல்லோர் கையிலும் கால்குலேட்டர் இருக்கிறது. மருந்தளவு கணக்கிடும் செயலிகளும் இருக்கின்றன. கருவி போட்டுத் தரும் விடையில் பிழை வராதே.


இரவுப்பணி எழுதியது:

கால்குலேட்டர் வகுத்தலில் பிழை செய்யாது, உண்மை. 0.075ஐ 25ஆல் வகுக்கச் சொன்னால் அது துல்லியமாக 0.003 என்றே தரும். மேலே தங்கைக்கு வந்த விடையும் அதேதான். கருவியை நானும் பயன்படுத்துகிறேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பொத்தானைத் தொடும் முன் விடை ஒரு மாத்திரைக்கு மேலா கீழா, ஐந்து மி.லி.க்கு மேலா கீழா என்று குத்துமதிப்பாக ஒரு எண் என் மனதில் இருக்க வேண்டும். கருவியின் விடை அதோடு ஒத்துப்போனால் மருந்தை எடுப்பேன். ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டில் ஒன்று தவறு, எது என்று தெரியும்வரை பாட்டிலைத் திறக்கமாட்டேன்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு மாலை டியூட்டி. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் 125 மி.கி. என்று உத்தரவு. வழக்கமாக வார்டில் இருக்கும் சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. ஆகவே 125 என்றதும் என் கை தானாக ஐந்து மி.லி. எடுத்தது. அன்று சிரப் தீர்ந்து, அலமாரியில் சொட்டு மருந்து பாட்டில்தான் இருந்தது. அதில் 1 மி.லி.க்கே 100 மி.கி. நான் எடுத்து வைத்திருந்தது 500 மி.கி., கொடுக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு. சரியான அளவு 1.25 மி.லி.

என்னோடு பணியில் இருந்த மூத்த செவிலியர் லேபிளைக்கூடப் படிக்கவில்லை. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ‘பதினைந்து மி.லி. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு ஒரே வேளைக்குப் போகுமா?’ என்று மட்டும் கேட்டார். சிரிஞ்சு என் கையில் இருந்தது. குழந்தையின் தாய் குழந்தையை மடியில் சாய்த்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் அங்கே இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன். பிறகு நடந்ததை மேற்பார்வையாளரிடம் நானே சொல்லி, எழுதியும் கொடுத்தேன். அடுத்த வாரமே சொட்டு மருந்து பாட்டில்களுக்குத் தனித் தட்டு ஒதுக்கப்பட்டது.


மருந்தாளுநர் எழுதியது:

இரவுப்பணி சொன்ன நிகழ்ச்சி எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் மிகப் பழகிய கதை. லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் மி.கி. எல்லோர் கண்ணிலும் படும். அதற்கு அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் ‘எத்தனை மி.லி.க்கு’ என்பது கண்ணில் படாது. மருந்தின் செறிவு என்பது அந்த இரண்டும் சேர்ந்ததுதான். ஒன்றை மட்டும் படித்தால் எதையும் படிக்கவில்லை என்றே பொருள். ஃபெனிட்டாயின் சஸ்பென்ஷன் 5 மி.லி.க்கு 30 மி.கி. என்றும் இருக்கிறது, 125 மி.கி. என்றும் இருக்கிறது. அதே மருந்து, அதே ஐந்து மி.லி., ஆனால் நான்கு மடங்குக்கும் மேல் வேறுபாடு.

கூட்டு மருந்துகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த ஒரு சிரப்பில் 5 மி.லி.க்கு 228.5 மி.கி. என்று எழுதியிருக்கும். அதில் அமாக்ஸிசிலின் 200, மற்றது 28.5. மருத்துவர் அமாக்ஸிசிலின் கணக்கில் 200 மி.கி. என்று எழுதியிருந்தால் நீங்கள் வகுக்க வேண்டியது 200ஆல். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். 200 மி.கி. உலர் ஃபெரஸ் சல்பேட் மாத்திரையில் உடலுக்குக் கிடைக்கும் தனி இரும்பு ஏறத்தாழ 65 மி.கி.தான். உத்தரவு எதைச் சொல்கிறது என்பது தெரியாமல் கணக்கைத் தொடங்கக் கூடாது.

தூளாக வரும் ஆன்டிபயாட்டிக் சிரப்புகளைப் பற்றியும் ஒரு சொல். 5 மி.லி.க்கு 250 மி.கி. என்று லேபிள் சொல்வது நீங்கள் சரியான அளவு நீர் சேர்த்த பிறகுதான் உண்மையாகும். பாட்டிலைத் தட்டித் தூளைத் தளர்த்தி, பாதி நீர் ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கும்வரை பொறுத்து, பிறகு குறிவரை நிரப்ப வேண்டும். நுரையைக் குறி என்று எண்ணி நிறுத்திவிட்டால் மருந்து அடர்ந்துபோகும். குறியைத் தாண்டி ஊற்றினால் நீர்த்துப்போகும். அதன் பிறகு நீங்கள் 4.8 என்று எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டாலும் பயன் இல்லை. ஒவ்வொரு வேளையும் குலுக்காமல் ஊற்றினாலும் இதே கதைதான். மேலே நீர், அடியில் மருந்து. முதல் நாள் குறைவாகவும் கடைசி நாள் கூடுதலாகவும் குழந்தை குடிக்கும்.


இரண்டாமாண்டு மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கணக்கையும் திரும்பப் போட்டேன், மூன்றும் சரியாக வந்தன. மிச்சமுள்ள மூன்றில் இரண்டும் இதே வகைதான், ஒன்றில் அலகு மாற்றவில்லை, மற்றதில் மி.லி.யால் பெருக்கவில்லை.

கடைசிக் கணக்கில் எனக்கு வேறு சந்தேகம். விடை 8 மாத்திரை வந்தது. ‘மூன்று மாத்திரைக்கு மேல் வந்தால் கணக்கு தவறு’ என்று ஒரு சீனியர் அக்கா சொல்லியிருந்தார். அதனால் எட்டை அடித்துவிட்டு 0.8 என்று எழுதினேன். தவறு என்று வந்தது. பிரெட்னிசோலோன் 40 மி.கி., இருப்பது 5 மி.கி. மாத்திரை.


ஓரலகு எழுதியது:

உங்கள் எட்டு சரி. 5 மி.கி. மாத்திரை மட்டும் இருந்தால் 40 மி.கி.க்கு எட்டுதான். பிரெட்னிசோலோனில் இது வழக்கமாக வருவதே. அந்த மூன்று மாத்திரை விதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சரியான விடையை அடித்துத் தவறான விடையை எழுத வைத்துவிட்டது பாருங்கள்.


பயிற்றுநர் எழுதியது:

விதியை அந்த அக்கா முழுவதும் சொல்லவில்லை. மூன்றுக்கு மேல் வந்தால் நிறுத்தி, உத்தரவையும் லேபிளையும் திரும்பப் படி, பிறகு இன்னொருவரிடம் காட்டு என்பதுதான் விதி. படித்த பிறகும் எட்டு என்றால் எட்டு. விடை பிடிக்கவில்லை என்பதற்காகப் புள்ளியை நகர்த்துவதைப் போல ஆபத்தான வழக்கம் வேறு இல்லை. இதை மட்டும் கடுமையாகவே சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள்.

மாத்திரைக் கணக்கு சரியாக வந்தும் உயிருக்கு ஆபத்தாகக்கூடிய ஒரு மருந்தை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். மெதோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு வாரத்துக்கு 15 மி.கி. என்று எழுதுவார்கள். 2.5 மி.கி. மாத்திரையில் ஆறு. ஆறு என்ற விடையில் பிழையே இல்லை. ஆனால் அது வாரத்தில் ஒரு நாள் மட்டும். தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, இரத்த அணுக்கள் குறைந்து, நோயாளி இறந்துபோகக்கூடும். உலகின் பல இடங்களில் இப்படி நேர்ந்திருக்கிறது. எனவே உத்தரவில் எவ்வளவு என்று பார்க்கும் அதே பார்வையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றும் பார்க்க வேண்டும். எந்தக் கிழமை என்பது சார்ட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.


வெண்தொப்பி எழுதியது:

அரை மாத்திரை, கால் மாத்திரை வந்தால் என்ன செய்வது? எங்கள் வகுப்பில் இதைக் கடந்து போய்விட்டார்கள்.


மருந்தாளுநர் எழுதியது:

நடுவில் கோடு உள்ள மாத்திரையை மட்டும் அந்தக் கோட்டில் உடைக்கலாம். டிகாக்ஸின் என்ற இதய மருந்து 0.125 மி.கி. உத்தரவு, இருப்பது 0.25 மி.கி. என்றால் பாதி மாத்திரை. மெல்லக் கரையும் வகை, குடலில் கரையும்படி உறையிட்ட வகை ஆகியவற்றை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மெல்லக் கரையும் வகையை உடைத்தால், நாள் முழுதும் சிறுகச் சிறுக வெளியேற வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். கணக்கில் 0.7, 1.3 என்று விடை வந்தால் கண்ணளவில் உடைக்காதீர்கள். வேறு வலிமை மாத்திரையோ திரவ வடிவமோ கிடைக்குமா என்று எங்களிடம் கேளுங்கள். அதற்குத்தான் இருக்கிறோம்.


இரவுப்பணி எழுதியது:

டிகாக்ஸின் பேச்சு வந்ததால் தசமப் புள்ளியைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். குழந்தைகளுக்கான டிகாக்ஸின் திரவம் 1 மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் என்று வருகிறது. 25 மைக்ரோகிராம் உத்தரவுக்கு 0.5 மி.லி. எடுக்க வேண்டும். யாரோ அவசரத்தில் சுழியை விட்டு ‘.5’ என்று எழுதி, புள்ளி மங்கிப்போய், அடுத்தவர் அதை 5 என்று படித்தால் குழந்தைக்குப் போவது 250 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கான ஒரு முழு மாத்திரை, ஒரு கைக்குழந்தையின் இதயத்துக்கு. ஆகவே புள்ளிக்கு முன் சுழி கட்டாயம் வேண்டும், 0.5 என்று. முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியும் கூடாது. 5.0 என்று எழுதினால் 50 என்று படிப்பார்கள்.

தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மில்லிகிராமை மி.கி. என்கிறோம். மைக்ரோகிராமைச் சிலர் மை.கி. என்று சுருக்குகிறார்கள். வேகமாக எழுதினால் இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு சுழிப்புதான், ஆனால் அளவில் ஆயிரம் மடங்கு. மைக்ரோகிராம் என்று முழுதாக எழுதுங்கள். நான்கு எழுத்துக் கூடுதலாக எழுதுவதால் யாருடைய டியூட்டியும் நீண்டுவிடாது.


தாதி99 எழுதியது:

நான் மேலே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். சொட்டு மருந்து நிகழ்ச்சியைப் படித்ததும் எங்கள் வார்டு அலமாரியைப் போய்ப் பார்த்தேன். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே தட்டில், ஒரே நிறப் பெட்டியில் இருந்தன. பொறுப்புச் செவிலியரிடம் சொல்லிப் பிரித்து வைத்துவிட்டோம்.


இரண்டாமாண்டு மாணவி எழுதியது:

இன்னொரு கேள்வி, முழுமைப்படுத்துவது பற்றி. 3.54 என்று வந்தால் 3.5 என்று எழுதலாமா? தேர்வில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள்.


பயிற்றுநர் எழுதியது:

பொதுவாக 1 மி.லி.க்கு மேல் என்றால் ஒரு தசம இடம், 1 மி.லி.க்குக் கீழ் என்றால் இரண்டு தசம இடம் என்று வைத்துக்கொள்கிறோம். உங்கள் நிறுவனத்தில் வேறு விதி இருந்தால் அதுவே உங்களுக்கு விதி. முழுமைப்படுத்துவதைக் கடைசிப் படியில் ஒரே ஒருமுறை செய்யுங்கள், நடுவில் செய்தால் பிழை வளரும்.

இந்த விதி வானத்திலிருந்து வரவில்லை, சிரிஞ்சில் உள்ள கோடுகளிலிருந்து வந்தது. 1 மி.லி. சிரிஞ்சில் 0.01 இடைவெளியில் கோடுகள் இருக்கும். பெரிய சிரிஞ்சுகளில் 0.1, 0.2, சிலவற்றில் 0.5. எந்தக் கருவியால் அளக்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் எத்தனை தசம இடம் என்பதற்குப் பொருள் உண்டு. மருந்துக் கிண்ணத்தில் ஊற்றினால் அதைக் கையில் தூக்கிப் பிடிக்காமல் சமமான மேசையில் வைத்து, குனிந்து கண்மட்டத்தில் திரவ வளைவின் அடிப்பகுதியைப் படியுங்கள். வீட்டுக் கரண்டி அளவுக்கருவி ஆகாது. தேக்கரண்டி 5 மி.லி. என்பது புத்தகத்தில்தான், கரண்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு.

வாய்வழி மருந்துக்கு, ஊசி பொருந்தாத நுனியுடைய வாய்வழி சிரிஞ்சையே எடுங்கள். ஊசி சிரிஞ்சில் எடுத்த சிரப்பை யாரோ இரத்தக் குழாயில் செலுத்திவிடும் விபத்தைத் தடுக்கத்தான் அந்த நுனியை அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

சரி, ஒரு கணக்கு தருகிறேன். 12 கிலோ குழந்தை. பாராசிட்டமால் வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. பாட்டிலில் 5 மி.லி.க்கு 120 மி.கி. மனதில் ஓடியதையும் சேர்த்து எழுதுங்கள்.


இரண்டாமாண்டு மாணவி எழுதியது:

‘வேளைக்கு’ என்ற சொல்லின் கீழ் கோடு போட்டேன். ஆகவே மூன்றாலோ நான்காலோ வகுக்கத் தேவையில்லை. 12 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 180 மி.கி.

குத்துமதிப்பு: 5 மி.லி.யில் 120, 10 மி.லி.யில் 240. நூற்றெண்பது இரண்டுக்கும் சரி நடுவில். ஆகவே 7.5 மி.லி. வர வேண்டும். கணக்கு: 180ஐ 120ஆல் வகுத்தால் 1.5, ஐந்தால் பெருக்கினால் 7.5 மி.லி. ஒத்துப்போகிறது.

நாள் அளவையும் பார்த்தேன். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் நான்கு வேளை, மொத்தம் 720 மி.கி. கிலோவுக்கு 60 மி.கி. ஆகிறது. ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று படித்திருக்கிறேன், அதற்குள்தான் இருக்கிறது.


பயிற்றுநர் எழுதியது:

நாள் அளவை நான் கேட்கவே இல்லை, நீங்களாகவே பார்த்தீர்கள். வார்டுக்குத் தயாராகிவிட்டீர்கள். போய்விட்டு வந்து எழுதுங்கள்.


இரண்டாமாண்டு மாணவி எழுதியது:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன்.

இரண்டு வயதுக் குழந்தை, காய்ச்சல். சார்ட்டில் எடை 26 என்று இருந்தது. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்று உத்தரவு. எனக்குப் பயிற்சி தரும் செவிலியர் பக்கத்தில் நின்று என்னைக் கணக்கிடச் சொன்னார். 390 மி.கி. வந்தது. அங்கே இருந்தது 5 மி.லி.க்கு 250 மி.கி. சிரப். 7.8 மி.லி. கணக்கை இருமுறை சரிபார்த்தேன், எந்தப் பிழையும் இல்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. படுக்கையில் இருந்த குழந்தையைப் பார்த்தேன். தாய் அதை ஒரு கையால் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மறு கையால் துணி மடித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு கிலோவை அப்படித் தூக்க முடியுமா என்று தோன்றியது. ‘எடையை மறுபடி பார்க்கலாமா’ என்று கேட்டேன். குரல் எழும்பவே இல்லை.

மறுபடி எடுத்தோம், 11.8 கிலோ. எடை இயந்திரம் பவுண்டுக்கு மாறியிருந்தது. 26 பவுண்டு. சார்ட்டில் அலகு எழுதாமல் எண்ணை மட்டும் எழுதியிருந்தார்கள். மருத்துவரிடம் தெரிவித்ததும் அவர் எடையைத் திருத்தி, 175 மி.கி. என்று உத்தரவையும் மாற்றி எழுதினார். 3.5 மி.லி.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வார்டில் இருந்த 5 மி.லி. வாய்வழி சிரிஞ்சில் 0.2 இடைவெளியில்தான் கோடுகள். 3.4க்கும் 3.6க்கும் நடுவில் நிறுத்திக் கொடுத்தேன். அது சரிதானா?


இரவுப்பணி எழுதியது:

உங்கள் பதிவை இருமுறை படித்தேன். அடுத்த முறை குரல் எழும்பும்.

பாராசிட்டமாலில் அந்த அளவு வேறுபாட்டால் தீங்கு வராது. ஆனால் டிகாக்ஸின் போன்ற மருந்தில் கோட்டுக்கு நடுவில் நிறுத்தும் பழக்கம் கூடாது. 0.1 கோடுள்ள 3 மி.லி. சிரிஞ்சில் மூன்றும், 1 மி.லி. சிரிஞ்சில் 0.5உம் எடுத்து இரண்டாகக் கொடுங்கள். இரண்டு சிரிஞ்சுக்கும் மருந்தின் பெயரும் அளவும் எழுதி ஒட்டிய பிறகே படுக்கைக்கு அருகில் போங்கள்.